டிரம் தட்டிய பதினோரு பேர்

பொங்கல் விடுமுறைக்கு மகள் குடும்பத்தோடு மேகமலைக்குப் போயிருந்தோம். சின்னமனூரிலிருந்து பதினெட்டு கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும். எனக்கு எழுபது தாண்டிவிட்டது, ஒவ்வொரு வளைவிலும் வயிறு தனியாகத் திரும்பியது. மணலாறு பக்கம் மருமகனுக்குத் தெரிந்தவர் வீட்டில் தங்கினோம்.

இரவு பத்து மணி இருக்கும். தேயிலைக் காட்டுக்குள்ளிருந்து டமடமவென்று சத்தம். பேரன் பயந்து எழுந்து உட்கார்ந்துவிட்டான். "ஒண்ணுமில்ல தம்பி, யானை இறங்கியிருக்கு. லயத்து ஆளுங்க தகரம் தட்டி வெரட்டுறாங்க" என்றார் வீட்டுக்காரர். அரை மணி நேரத்தில் சத்தம் அடங்கியது.

காலையில் லயத்து ஓரமாக அந்த 'வாத்தியத்தை'ப் பார்த்தோம். ரோடு போட வந்தபோது விட்டுப்போன பழைய தார் டிரம். துருப்பிடித்து, தட்டித் தட்டி நடுவில் குழி விழுந்து கிடந்தது. பேரன் ஒரு குச்சியை எடுத்து அதைத் தட்ட, "சும்மா இருடா, காது வலிக்குது" என்று மகள் அதட்டினாள்.

"திட்டாதம்மா. இந்த மாதிரி டிரம்மைத் தூக்கிக்கிட்டு பதினோரு பேர் லண்டனுக்கே கச்சேரி பண்ணப் போனாங்க" என்றேன். பேரன் நம்பவில்லை. மகளும் நம்பவில்லை. அன்று டீ குடித்துக்கொண்டே அவர்களுக்குச் சொன்ன கதையைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதி வைக்கிறேன்.

நானும் முதலில் நம்பாதவன்தான். நான் பிறந்து வளர்ந்தது புதுச்சேரியில். பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் தெருவில் பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து பென்ஷன் வாங்கி வந்த ஒருவர் இருந்தார். தெருவில் கிராமபோன் வைத்திருந்த ஒரே வீடு அவருடையது. ஞாயிற்றுக்கிழமைகளில் பையன்கள் திண்ணையில் போய் உட்கார்ந்துகொள்வோம். ஒருநாள் புதிதாக ஒரு தட்டு வைத்தார். மணி அடிப்பது போலவும் இருந்தது, ஜலதரங்கம் போலவும் இருந்தது. "என்ன வாத்தியம், சொல்லுங்கடா பார்ப்போம்" என்றார். ஒருவன் பியானோ என்றான். நான் வீணையில் ஏதோ ஒரு வகை என்றேன். அவர் சிரித்துவிட்டு, "எண்ணெய் டிரம்டா, மண்ணெண்ணெய்க் கடையில இருக்குமே, அது" என்றார். கேலி செய்கிறார் என்றுதான் நினைத்தோம்.

அவர் சொன்னது உண்மை என்பது பல வருடம் கழித்துப் படித்தபோதுதான் தெரிந்தது. அந்த வாத்தியத்துக்கு ஸ்டீல் பேன் என்று பெயர். பிறந்த ஊர் டிரினிடாட். தென் அமெரிக்காவின் தலைமாட்டில், வெனிசுவேலாவை ஒட்டிக் கிடக்கும் தீவு. கரும்புத் தோட்டத்துக்கு முதலில் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுபோனார்கள். அடிமை முறை ஒழிந்த பிறகு, 1845-லிருந்து நம் நாட்டு ஆட்களை ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிப்போனார்கள். பெரும்பாலோர் கல்கத்தாவிலிருந்து போனவர்கள், ஒரு பங்கு சென்னைத் துறைமுகத்திலிருந்தும் போனது.

ஆப்பிரிக்க மக்களுக்குப் பறை உயிர். ஆள்பவர்களுக்கோ அந்தச் சத்தம் கலகத்தின் சத்தம். 1881-ல் கார்னிவல் திருவிழாவில் போலீசுக்கும் ஜனங்களுக்கும் பெரிய மோதல் நடந்தது. 1884 வாக்கில் சட்டம் போட்டுத் தெருவில் பறை அடிப்பதை ஒடுக்கினார்கள். அதே 1884-ல், நம் இந்தியத் தொழிலாளர்கள் தடையை மீறி மொகரம் ஊர்வலம் போனபோது சான் பெர்னாண்டோ ஊரில் துப்பாக்கிச் சூடு நடந்து பலர் செத்துப்போனார்கள். கறுப்பரின் பறைக்கும் இந்தியரின் ஊர்வலத்துக்கும் ஒரே வருடத்தில் ஒரே மாதிரி பதில் கிடைத்தது.

தோலில் அடிக்காதே என்றால் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? மூங்கிலை வெவ்வேறு நீளத்தில் வெட்டி, தரையில் குத்தித் தாளம் போட்டார்கள். அதற்குத் 'தம்பூ பாம்பூ' என்று பெயர். 'தம்பூ' என்பது பறையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. ஆங்கிலேயர் ஆண்ட தீவில் பிரெஞ்சு எப்படி வந்தது என்றால், அங்கே தோட்டம் போட முதலில் வந்த முதலாளிகளில் பலர் பிரெஞ்சுக்காரர்கள். மூங்கில் நசுங்கும், உடையும். 1930-களில் பையன்கள் பிஸ்கட் டின், பெயிண்ட் டப்பா, குப்பைத் தொட்டி, கார் பிரேக் டிரம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் தட்ட ஆரம்பித்தார்கள். தட்டித் தட்டிக் குழி விழுந்த இடத்தில் சத்தம் மாறுகிறது, மேடான இடத்தில் வேறு சத்தம் வருகிறது என்பதை யாரோ கவனித்தார்கள். மணலாற்றில் நான் பார்த்த டிரம்மிலும் அந்தக் குழி இருந்தது.

இரண்டாம் உலகப் போர் வந்தது. கார்னிவலை 1942-லிருந்து நிறுத்தி வைத்தார்கள். டிரினிடாட் எண்ணெய் எடுக்கும் நாடு. போதாக்குறைக்கு அமெரிக்கக் கடற்படைத் தளமும் வந்தது. காலி எண்ணெய் டிரம்முக்குப் பஞ்சமில்லை. நாம் 200 லிட்டர் பேரல் என்று சொல்கிறோமே, அதே டிரம்தான். 1945 மே மாதம் ஜெர்மனி தோற்ற செய்தி வந்ததும் ஜனங்கள் தெருவில் இறங்கித் தகரத்தைத் தட்டி ஆடினார்கள். அதற்கடுத்த சில வருடங்களில் வின்ஸ்டன் ஸ்ப்ரீ சைமன், எல்லி மானெட் போன்ற இளைஞர்கள் வெறும் தாளம் தட்டுவதை விட்டு முழுப் பாட்டே வாசிக்க ஆரம்பித்தார்கள்.

செய்முறையையும் சொல்லிவிடுகிறேன். டிரம்மின் அடித்தட்டைச் சம்மட்டியால் தட்டித் தட்டி வாணலி போலக் குழிய வைக்க வேண்டும். அதில் ஆணியால் குத்திக் கட்டம் கட்டமாகப் பிரிக்க வேண்டும். ஒரு கட்டம் ஒரு ஸ்வரம். பக்கச் சுவரைத் தேவையான உயரத்துக்கு வெட்டி, நெருப்பில் வாட்ட வேண்டும். பிறகு சின்னச் சுத்தியலால் மேலிருந்தும் கீழிருந்தும் தட்டி ஒவ்வொரு கட்டத்துக்கும் சுருதி சேர்க்க வேண்டும். பெரிய கட்டம் தாழ்ந்த ஸ்வரம், சின்னக் கட்டம் உச்ச ஸ்வரம். முனையில் ரப்பர் சுற்றிய குச்சியால் வாசிப்பார்கள். இவ்வளவையும் பாதிப்பேர் பள்ளிக்கூடத்தைச் சரியாக எட்டிப் பார்க்காத பையன்கள் தாங்களே கண்டுபிடித்தார்கள்.

ஆனால் ஊரில் அவர்களுக்கு என்ன பெயர்? ரவுடிகள். பேட்டைக்கு ஒரு குழு. குழுக்களின் பெயரெல்லாம் போரிலிருந்தும் சினிமாவிலிருந்தும் வந்தவை: டோக்கியோ, காசாபிளாங்கா, திரிப்போலி, இன்வேடர்ஸ். 'ஃப்ரீ பிரெஞ்சு' என்றுகூட ஒரு குழு இருந்தது. ஹிட்லருக்குப் பணியாமல் தெ கோல் பக்கம் நின்ற பிரெஞ்சுக்காரர்களின் பெயர் அது. 1940-ல் எங்கள் புதுச்சேரியும் தெ கோல் பக்கம் நின்ற ஊர் என்பதால் அந்தப் பெயரைப் படித்ததும் எனக்கு ஏதோ சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி இருந்தது. குழுவும் குழுவும் தெருவில் சந்தித்தால் கத்தியும் பாட்டிலும் பறக்கும். 1950 கார்னிவலில் இன்வேடர்ஸும் டோக்கியோவும் மோதிக்கொண்டது இன்றும் அந்த ஊரில் பேசப்படும் சண்டை. நல்ல குடும்பத்துப் பெற்றோர் பிள்ளைகளை அந்தக் கொட்டகைப் பக்கம் போகவிட மாட்டார்கள்.

இவர்களுக்காகப் பேசவும் சிலர் இருந்தார்கள். நடனக் கலைஞர் பெரில் மக்பர்னி 1948-ல் தான் தொடங்கிய சின்ன அரங்கில் இன்வேடர்ஸை மேடை ஏற்றினார். ஆல்பர்ட் கோம்ஸ் என்ற அரசியல்வாதி, இது ரவுடித்தனம் இல்லை, கலை என்று வாதாடினார். குழுக்கள் எல்லாம் சேர்ந்து ஒரு சங்கமும் அமைந்தது.

அப்போதுதான் ஒரு வாய்ப்பு வந்தது. 1951-ல் லண்டனில் 'பிரிட்டன் திருவிழா' என்று பெரிய கண்காட்சி நடக்க இருந்தது. அதற்கு டிரினிடாட் சார்பில் ஒரு ஸ்டீல் பேன் குழுவை அனுப்பலாம் என்று சங்கத்தார் முடிவு செய்தார்கள். எந்தக் குழுவை அனுப்புவது? ஒன்றை அனுப்பினால் மற்றவன் சும்மா இருப்பானா? அதனால் வெவ்வேறு குழுக்களிலிருந்து ஆள் எடுத்துப் புதிதாக ஒரு குழு அமைத்தார்கள். அதன் பெயர் டிரினிடாட் ஆல் ஸ்டீல் பெர்கஷன் ஆர்கெஸ்ட்ரா, சுருக்கமாக டாஸ்போ. இன்வேடர்ஸிலிருந்து எல்லி மானெட், ஃப்ரீ பிரெஞ்சிலிருந்து தியோ ஸ்டீஃபன்ஸ், காசாபிளாங்காவிலிருந்து பாட்ஸி ஹேன்ஸ், அவர்களோடு ஸ்ப்ரீ சைமன், ஸ்டெர்லிங் பெட்டன்கோர்ட், ஆண்டனி வில்லியம்ஸ் என்று மொத்தம் பதினோரு பேர். நேற்று வரை ஒருவன் பேட்டைக்குள் இன்னொருவன் கால் வைக்க முடியாது. இன்று ஒரே கூடத்தில் உட்கார்ந்து சுருதி சேர்க்க வேண்டும்.

இவர்களை மேய்க்க வந்தவர் ஜோசப் கிரிஃபித். பார்படோஸ் தீவுக்காரர், போலீஸ் பேண்டுகளை நடத்திய அனுபவசாலி, லெப்டினன்ட். கறாரான மனிதர். வந்ததுமே வாத்தியத்தைப் பார்த்து, இதில் பாதி ஸ்வரம் இல்லையே என்றார். ஹார்மோனியத்தில் வெள்ளைக் கட்டை மட்டும் இருந்து கருப்புக் கட்டை இல்லாவிட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது அதுவரை பெரும்பாலான பேன். நம் கணக்கில் பன்னிரண்டு ஸ்வரஸ்தானமும் வேண்டும் என்று அவர் ஒற்றைக் காலில் நின்றார். தாழ்ந்த ஸ்வரம் வாசிக்கும் பெரிய டிரம்மில் இத்தனைக்கும் இடம் இல்லை என்றார்கள். கட்டம் பெரிது, மூன்று நான்கு ஸ்வரத்திலேயே தட்டு நிறைந்துவிடும். அப்படியானால் ஒருவருக்கே இரண்டு மூன்று டிரம் கொடுங்கள், ஸ்வரத்தைப் பிரித்து வையுங்கள் என்றார் கிரிஃபித். இன்று உலகத்தில் எந்த ஸ்டீல் பேன் குழுவைப் பார்த்தாலும் ஒருவர் பல டிரம்களுக்கு நடுவில் நின்று வாசிப்பார். அந்தப் பழக்கம் ஊன்றியது இந்தக் குழுவில்தான்.

பணம்? ஊரெல்லாம் நன்கொடை திரட்டினார்கள், கச்சேரி வைத்துக் காசு சேர்த்தார்கள். ரவுடிப் பயல்கள் என்று கதவைச் சாத்தியவர்களே டிக்கெட் வாங்கிக் கேட்க வந்தார்கள். 1951 ஜூலை 6-ம் தேதி 'சான் மாத்தேயோ' என்ற கப்பலில் புறப்பட்டார்கள். வழியில் மார்த்தினிக் தீவு. அங்கே சன்னி ரோச் என்பவருக்கு உடம்பு முடியாமல் போய்த் திரும்பிவிட்டார். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை வந்த வாய்ப்பு, பாதிக் கடலில் போயிற்று. மீதிப் பத்துப் பேர் பிரான்ஸ் வழியாக லண்டன் போய்ச் சேர்ந்தார்கள்.

ஜூலை 26. தேம்ஸ் நதியின் தென்கரை. திறந்த வெளி. கடல் காற்றில் டிரம்மெல்லாம் துருவேறி இருந்தது. குப்பை மேட்டிலிருந்து எடுத்து வந்த மாதிரி இருக்கிறதே என்று கூட்டத்தில் சிரிப்பு. பிறகு வாசிக்க ஆரம்பித்தார்கள். மாம்போ நடன இசை, ஐரோப்பியர்கள் பழகிய மெல்லிய செரனேட் இசை, தங்கள் ஊர்க் கலிப்ஸோ. சிரித்தவர்கள் வாய் மூடவில்லை, இந்தத் தடவை வியப்பில். பிபிசியிலும் வாசித்தார்கள். ஊர் ஊராகக் கச்சேரி செய்தார்கள். பாரிஸில் இரண்டு வாரம் வாசித்தார்கள்.

டிசம்பர் 12-ம் தேதி ஊர் திரும்பினார்கள். திரும்பியதும் டாஸ்போ கலைந்தது. புறப்பட்டதிலிருந்து கணக்குப் போட்டால் ஐந்து மாதம் சொச்சம். ஒத்திகைக் காலத்தைச் சேர்த்தாலும் ஒரு வருடம் ஆகாது. அவ்வளவுதான் அந்தக் குழுவின் ஆயுள்.

இந்த இடத்தில் மருமகன், "நல்லாப் பேர் வாங்கினதும் ஏன் மாமா கலைச்சாங்க? தொடர்ந்து நடத்தியிருந்தா கோடி கோடியா சம்பாதிச்சிருக்கலாமே" என்று கேட்டார். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. யோசித்துப் பார்த்தால் வேறு விதமாகத் தெரிகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் நாம் பார்க்காததா? நாற்றங்காலில் நாற்று நெருக்கமாக, பார்க்க அழகாக, பச்சைக் கம்பளம் போல இருக்கும். அப்படியே விட்டால் ஒரு படி நெல் கிடைக்காது. இருபத்தைந்து நாள், முப்பது நாளில் பிடுங்கி வயல் வயலாக நட்டாக வேண்டும். டாஸ்போ ஒரு நாற்றங்கால். வெவ்வேறு பேட்டையிலிருந்து வந்தவர்கள் பன்னிரண்டு ஸ்வரத்தையும் பல டிரம் வாசிப்பையும் கற்றுக்கொண்டு அவரவர் குழுவுக்குத் திரும்பினார்கள். ஒரே குழுவின் ரகசியமாக இருந்திருக்க வேண்டியது தீவு முழுக்கப் பரவியது.

பிறகு அவர்கள் என்ன ஆனார்கள்? பெட்டன்கோர்ட் திரும்பவே இல்லை. லண்டனிலேயே தங்கி அங்கே ஸ்டீல் பேனை வேரூன்ற வைத்தார். 1966-ல் நாட்டிங் ஹில்லில் நடந்த தெரு விழாவில் வாசித்தவர்களில் அவரும் ஒருவர். இன்று லட்சக்கணக்கானோர் கூடும் கார்னிவல் அது. ஆண்டனி வில்லியம்ஸ் சிலந்தி வலை போல ஸ்வரங்களை வட்டமாக அடுக்கும் முறையைக் கண்டுபிடித்தார். 1963-ல் முதன்முதலாக நடந்த பனோரமா போட்டியில் அவர் குழுவான நார்த் ஸ்டார்ஸ்தான் ஜெயித்தது. எல்லி மானெட் 1967-ல் அமெரிக்கா போய், பின்னாளில் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் இந்த வாத்தியம் செய்யக் கற்றுக்கொடுத்தார். 2018-ல் காலமானார். 1992-ல் டிரினிடாட் அரசு ஸ்டீல் பேனைத் தேசிய வாத்தியம் என்று அறிவித்தது. 2023-ல் ஐக்கிய நாடுகள் சபை ஆகஸ்ட் 11-ஐ உலக ஸ்டீல் பேன் தினமாக்கியது.

நம் ஆட்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஜித் சமாரூ என்று ஒருவர், 1950-ல் பிறந்தவர், ஏறக்குறைய என் வயதுக்காரர். இந்திய வம்சாவளி. ரெனகேட்ஸ் என்ற குழுவுக்கு இசை அமைத்து ஒன்பது முறை பனோரமாவில் ஜெயிக்க வைத்தார். 2016-ல் இறந்தபோது அந்தத் தீவே துக்கம் கொண்டாடியது.

டாஸ்போ கப்பல் நின்ற மார்த்தினிக்கைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1853-லிருந்து புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்களை அந்தத் தீவுக்கும் பக்கத்துக் குவாதலூப்புக்கும் கரும்பு வெட்டக் கொண்டுபோனார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் மறந்துபோயிற்று. மாரியம்மன் கும்பிடு மறக்கவில்லை. கும்பிடும்போது அடிக்கும் பறைக்கு இன்றும் அங்கே 'தப்பு' என்றே பெயர். அதை நெருப்பில் காட்டித்தான் சுருதி ஏற்றுகிறார்கள், நம் ஊரில் வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சுவது போலவே.

காய்ச்சுவது என்றதும் எனக்கு ஒரு ஞாபகம் வந்துவிடும். அதைப் பேரனிடம் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். எனக்குப் பத்து வயது இருக்கும். எங்கள் தெருவில் ஒரு சாவு. தெரு முனையில் நாலு பேர் வைக்கோல் தீ மூட்டித் தப்பு காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு என் வயதுப் பையன் ஒருவன். நான் வெறித்துப் பார்ப்பதைப் பார்த்து, குச்சியை என்னிடம் நீட்டி, "அடிச்சுப் பாரு" என்றான். இரண்டு அடி அடித்திருப்பேன். பின்னாலிருந்து அப்பா என் காதைப் பிடித்துத் திருகி வீட்டுக்கு இழுத்துப் போனார். "அது நாம தொடுற சாமானாடா?" என்று கேட்டுக் கேட்டு அடித்தார். கிணற்றடியில் தலையோடு தண்ணீர் ஊற்றிய பிறகுதான் வீட்டுக்குள் விட்டார்கள். அப்பா மோசமான மனிதர் இல்லை. அவர் காலம் அப்படி. ஆனால் அந்தப் பையன் தெரு முனையில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த வருடங்களில் எத்தனையோ தடவை அவனைத் தெருவில் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவேன். அவன் பேர் என்ன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எங்கோ டிரினிடாட்டில் தகரம் தட்டியவர்களுக்கு நடந்த அநியாயத்தைப் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் தேடித் தேடிப் படித்தேன். படிக்கும்போதெல்லாம் அந்தப் பையன் முகம்தான் வரும். இங்கேயும் காலம் கொஞ்சம் மாறித்தான் இருக்கிறது. 2025-ல் நம் மதுரைப் பக்கத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பேப்பரில் படித்த அன்று அப்பா படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். கோபமாக நிற்கவில்லை. அவர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தபடி நின்றேன்.

மேகமலையிலிருந்து கிளம்பும் முன், பேரன் மறுபடி அந்தத் தார் டிரம்மிடம் போனான். குழியின் நடுவில் ஒரு தட்டு, ஓரத்தில் ஒரு தட்டு. "தாத்தா, ரெண்டும் வேற வேற சத்தம்" என்றான். மகள் வாயைத் திறப்பதற்குள், "அடிக்கட்டும் விடும்மா" என்றேன்.